கவுன்சிலிங் போகலாமா? முதல் நாள் என்ன நடக்கும்... எவ்வளவு செலவாகும்? முழு விவரம்!

பல் வலி என்றால் எந்த டாக்டர், எவ்வளவு ஆகும் என்று பக்கத்து வீட்டிலேயே கேட்டுவிடலாம். ஆனால் மூன்று மாதமாக தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருது, ஆபீஸ் கிளம்பினாலே நெஞ்சு படபடக்குது என்றால் யாரிடம் கேட்பது? கேட்டால் என்ன நினைப்பார்கள்? இந்தத் தயக்கத்திலேயே பல பேருக்கு வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. மனநலப் பிரச்னை உள்ளவர்களில், பிரச்னையின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்பது அதில் தெரியவந்தது. தயக்கம் ஒரு காரணம். பணம் இன்னொரு காரணம். எங்கே போவது, போனால் என்ன நடக்கும் என்று தெரியாததும் ஒரு காரணம்தான்.

யாரிடம் போவது?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தர இவரால் முடியும். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மாத்திரை தரமாட்டார். பேச்சு வழியான சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் இவருடைய வேலை. இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டால் கோபப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். முறையாகப் படித்தவர் சந்தோஷமாகவே சொல்வார்.

அடுத்தது ஆலோசகர் எனப்படும் கவுன்சிலர். இதில்தான் கவனம் தேவை. உளவியலில் முதுகலை முடித்து, நல்ல பயிற்சியோடு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வார ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், என் பிரச்னை மாதிரி வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா... இந்த மூன்று கேள்விகளையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். 'மூணே சிட்டிங்ல சரி பண்ணிடுவேன்' என்று உத்தரவாதம் கொடுப்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

தூக்கம், பசி மொத்தமாகப் போய்விட்டது, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு இருந்தாலும் மனச்சோர்வு மாதிரியான அறிகுறிகள் வரும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

சினிமாவில் வருவது போல சோபாவில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லும் காட்சியெல்லாம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, அவ்வளவுதான். ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவருடைய எண் ஆகியவற்றைக் கேட்டிருப்பார்கள். 45 நிமிடத்தில் இருந்து ஒரு மணி நேரம் வரை பேச்சு ஓடும்.

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போதிருந்து இப்படி இருக்கு? தூக்கம் எப்படி? வீட்டில் யார் யார்? முன்பு ஏதாவது சிகிச்சை எடுத்தீர்களா? 'செத்துவிடலாம்னு தோணியிருக்கா?' என்று நேரடியாகவும் கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது, உண்மையைச் சொல்லுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், அதையே சொல்லி ஆரம்பிக்கலாம்.

அறிவுரை கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும். 'வேலையை விடலாமா, கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லலாமா' என்பதற்கெல்லாம் அவர் தீர்ப்பு சொல்லமாட்டார். நம் ஊரில் அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. சில பேருக்கு முதல் இரண்டு அமர்வுக்குப் பிறகு பாரம் அதிகமானது போலத் தோன்றும். மூடி வைத்ததைத் திறந்தால் அப்படி இருப்பது உண்டு. அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், மொழி. இங்கே உளவியல் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதனால் உரையாடலும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது' என்பதை உங்கள் மொழியில் சொன்னால்தான் உங்களுக்கே அது என்னவென்று புரியும். தமிழில் பேசலாமா என்று புக்கிங் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

'நானும் உள்ளே வர்றேன்' என்று அம்மாவோ கணவரோ கூடவே எழுந்திருப்பது நம் ஊரில் சகஜம். உங்களுக்கு 18 வயது முடிந்திருந்தால், வெளியே காத்திருக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன் 23வது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவருக்கோ ஆபத்து இருந்தால், அல்லது நீதிமன்றம் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆன்லைன் அமர்வு என்றால் வேறு சிக்கல். இரண்டு அறை வீட்டில் அம்மா சீரியல் பார்க்கும்போது எப்படிப் பேசுவது? மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், ஆபீஸில் காலியான மீட்டிங் ரூம் என்று இடம் தேடுகிறவர்கள் நிறைய. ஹெட்போன் கட்டாயம்.

செலவு எவ்வளவு?

அரசு நிர்ணயித்த கட்டணம் என்று எதுவும் கிடையாது. நகரங்களில் தனியாரிடம் ஒரு அமர்வுக்கு பொதுவாக 800 முதல் 2,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். அனுபவம் கூடினால் கட்டணமும் கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அமர்வு 1,500 ரூபாய், வாரம் ஒருமுறை என்றால் மாதம் 6,000. 22,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு இது கால்வாசிக்கும் மேல். வாடகை, வண்டி இஎம்ஐ எல்லாம் போக இதை எங்கிருந்து எடுப்பது?

அதனால் முதல் நாளே காசு விஷயத்தைப் பேசிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். அப்படிச் செய்தால் மூன்று மாதத்தில் 8 அமர்வு, 12,000 ரூபாயில் முடியும். பதற்றம், மனச்சோர்வுக்குத் தரப்படும் சிபிடி எனும் சிகிச்சை பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகளுக்குள் இருக்கும். பழைய காயங்கள் ஆழமாக இருந்தால் நாள் அதிகமாகும்.

'10 அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்ற பேக்கேஜில் அவசரப்பட்டு விழ வேண்டாம். அவர் உங்களுக்கு ஒத்துவருவாரா என்று தெரியவே மூன்று, நான்கு அமர்வு ஆகும். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், தப்பே இல்லை. முன்பணம் கட்டிவிட்டால் அதற்காகவே இழுத்துக்கொண்டு போவோம். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் வாங்குவது பல இடங்களில் வழக்கம். எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

2017 சட்டத்தின் 21வது பிரிவு, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள், மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாரா வாரம் போய்ப் பேசிவிட்டு வரும் சிகிச்சை வெளிநோயாளிக் கணக்கில் வரும். பாலிசியில் ஓபிடி பலன் இருந்தால் மட்டுமே அதற்குக் கிடைக்கும். ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர் புதிய பாலிசி எடுக்கும்போது அதை மறைத்தால், பிறகு கிளைம் நிராகரிக்கப்படலாம். சொல்லிவிட்டால் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான்.

கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் ஹெச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஊழியர் நலத் திட்டத்தில் சில அமர்வுகள் இலவசமாக இருக்கக்கூடும். எதற்கும் ஒவ்வொரு முறையும் பதிவு எண் போட்ட ரசீது வாங்கி வையுங்கள்.

காசே இல்லை என்றால்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794ல் தொடங்கப்பட்ட அரசு மனநலக் காப்பகமும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் வழியாக சென்னைக்கு வெளியேயும் சிகிச்சை கிடைக்கிறது. டாக்டர், மாத்திரை இரண்டும் இலவசம். ஆனால் கூட்டம் அதிகம் என்பதால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது கஷ்டம். 'எனக்குப் பேசணும், சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க முடியுமா?' என்று ஓபியில் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். அதற்கு வேறு நாள் தரக்கூடும்.

போனில் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10ம் தேதி தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள், அல்லது கூட ஒருவரை அழைத்துக்கொண்டு அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.