துடிக்கும் விளக்குகள்: ஒலி ஒளி அறை ஒன்றை அமைப்பது எப்படி?

புலம்பெயர் நாடுகளில் எமது நினைவு நிகழ்வுகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கின்றன: மண்டபம், மேடை, சுடரேற்றல், பேச்சுக்கள். பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். இங்கு பிறந்த பிள்ளைகள் பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளையும் உள்ளே இழுக்கக்கூடிய ஒரு கலைவடிவம் உண்டு. ஓர் அறையை ஒலியாலும் ஒளியாலும் நிரப்பி, உள்ளே வருபவர் தொட்டால், பேசினால் அந்த அறையே பதில் சொல்லும்படி அமைப்பதுதான் அது. கலையுலகில் இதனை ஊடாடும் தாபனக் கலை என்பர். இரண்டு படைப்புக்களைப் பார்த்தால் இதன் உள்ளமைப்பு விளங்கிவிடும்.

மறக்கும் அறை

மெக்சிக்கோவில் பிறந்து கனடாவின் மொன்றியலில் வாழும் ரஃபாயெல் லொசானோ-ஹெம்மர் 2006இல் 'பல்ஸ் றூம்' என்ற படைப்பை உருவாக்கினார். மூன்று மீற்றர் உயரத்தில் 100 முதல் 300 வரையான மின்குமிழ்கள் தொங்கும். ஓரத்தில் உள்ள கருவியை ஒருவர் பிடித்ததும், அருகிலுள்ள குமிழ் அவரது நாடித்துடிப்புக்கு ஏற்ப மின்னத் தொடங்கும். கையை எடுத்ததும் எல்லா விளக்குகளும் ஒரு கணம் அணையும். பின்னர் அவரது துடிப்பு அடுத்த குமிழுக்கு நகரும். முன்னே வந்தவர்களின் துடிப்புக்களும் ஒவ்வோர் இடம் தள்ளிப் போகும். வரிசையின் கடைசியில் இருப்பவரது துடிப்பு வெளியேறிவிடும்.

மறக்காத அறை

பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்ரியன் பொல்ரான்ஸ்கி 1944இல், பாரிஸ் விடுவிக்கப்பட்ட சில நாட்களின் பின் பிறந்தவர். யூதரான அவரது தந்தை, ஆக்கிரமிப்புக் காலத்தில் வீட்டின் தரைக்கடியில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். பொல்ரான்ஸ்கி 2008 முதல் பல நாடுகளில் மக்களின் இதய ஒலிகளைப் பதிவு செய்தார். 2010இல் ஜப்பானின் தெஷிமா தீவில் அவற்றுக்கு நிரந்தரக் காப்பகம் திறக்கப்பட்டது. இருண்ட அறையில் ஒரேயொரு மின்குமிழ் இதய ஒலிக்கேற்ப எரிந்து மங்கும். வருபவர்கள் தமது இதய ஒலியையும் அங்கே பதிவு செய்யலாம், பிறருடையதைத் தேடிக் கேட்கலாம். பொல்ரான்ஸ்கி 2021இல் காலமானார். அவர் சேர்த்த ஒலிகள் அங்கே இருக்கின்றன.

விதியை முதலில் எழுதுங்கள்

இரண்டுக்கும் கருவி ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது விதி: யார் இருப்பார், யார் வெளியேறுவார் என்பது. எந்தப் பெயரும் பட்டியலில் விடுபடக்கூடாது என்று தவிக்கும் எம்மைப் போன்ற சமூகத்துக்கு இதுவே முதற்கேள்வி. கணக்கியல் படித்த எங்களுக்கு இதன் விடை பழகியதுதான். நாட்குறிப்பு வேறு, பேரேடு வேறு. அறையில் ஒரு நேரத்தில் இருபது குரல்கள் மட்டும் ஒலிக்கலாம். பதிவு செய்த அத்தனை குரல்களும் தனியே, குறைந்தது இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்கப்பட வேண்டும்.

கருவிகள்

தேவையானவை நான்கு: தொடுகையையோ நாடியையோ அறியும் உணரி, சிறு கணினி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிமர், விளக்குகளும் ஒலிபெருக்கிகளும். மேடை விளக்குகளுக்குரிய டி.எம்.எக்ஸ். 512 முறையில் ஒரு தொடரில் 512 தடங்கள் உண்டு. குமிழுக்கு ஒரு தடம் போதும். தொட்டதற்கும் ஒளி வருவதற்கும் இடையே பத்தில் ஒரு செக்கனுக்கு மேல் போனால், அது தன்னால் நடந்தது என்று பிள்ளைக்குத் தோன்றாது.

இதய ஒலியின் பெரும்பகுதி 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்காது. தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஒலிபெருக்கி வேண்டும். மனிதக் குரலுக்கு அந்தச் செலவு இல்லை. ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு பெரியவர் தன் ஊரைப் பற்றிச் சொல்லும் ஒரு நிமிடப் பேச்சை வைத்தால், சாதாரண ஒலிபெருக்கியே போதும்.

மின்சாரக் கணக்கு

'பல்ஸ் றூம்' குமிழ் ஒன்று 300 வாற்று. 100 குமிழ்களும் முழுதாக எரிந்தால் 30,000 வாற்று. 230 வோல்ற்றில் அது சுமார் 130 அம்பியர். பிரித்தானிய மண்டபச் சுவர்ச் செருகி தருவதோ 13 அம்பியர். அதேவேளை 8 வாற்று எல்.ஈ.டி. குமிழ்கள் 20 எரிந்தால் 160 வாற்றுத்தான், ஓர் அம்பியருக்கும் குறைவு. ஆனால் எல்.ஈ.டி. சட்டென்று அணையும். பழைய குமிழின் இழை ஆறி மெல்ல மங்குவது போல, அதனையும் மெல்ல மங்கும்படி நிரற்படுத்த வேண்டும். டிமருக்கு ஏற்ற எல்.ஈ.டி.தானா என்று பார்த்து வாங்குங்கள்.

பாதுகாப்பும் ஒப்புதலும்

செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் ஒளி வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்தாகலாம். வாசலிலேயே அறிவித்தல் வையுங்கள். எம்மவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: திடீர் இருளும் வெடிப்பு போன்ற ஒலியும் வேண்டாம். பதுங்குகுழியில் இருந்தவர்களும் அந்த அறைக்குள் வருவார்கள். முழு இருட்டுக்குப் பதில் மங்கிய வெளிச்சம் இருக்கட்டும். வெளியேறும் வழி எப்போதும் தெரியட்டும்.

குரல் ஒருவரின் சொந்தத் தரவு. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் அதற்கும் பொருந்தும். எங்கே ஒலிக்கும், எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாமென்றால் எப்படி நீக்குவது என்பவற்றைத் தமிழில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். ஊரில் இருக்கும் உறவினரின் பெயர் வந்தால் அவரிடமும் கேளுங்கள். இங்கு நாம் சத்தமாகச் சொல்லும் பெயருக்கு அங்கே ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

மண்டபமும் விளக்குகளும் அடுத்த வருடமும் கிடைக்கும். குரல்களுக்கு அந்த நிச்சயம் இல்லை. ஆதலால் பணம் சேரும்வரை காத்திராமல், பதிவு வேலையை முதலில் தொடங்குங்கள். அமைதியான ஓர் அறையும், ஒரு கைத்தொலைபேசியும், கேள்வி கேட்க ஒரு பேரப்பிள்ளையும் இருந்தால் இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.