இதய ஹார்மோன்களும் நீரிழிவுச் சிறுநீரகமும்

இதயத் தசையில் சுரந்து, உடலிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுபவை இதய ஹார்மோன்கள். இதயத்தின் மேலறைகளில் சுரக்கும் ஏ.என்.பி.யும், பெரும்பாலும் கீழறைகளில் சுரக்கும் பி.என்.பி.யும் இவற்றுள் முதன்மையானவை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் இதயநிலை, சிறுநீரகநிலை இரண்டையும் அறிய இவை உதவுகின்றன.

கண்டுபிடிப்பு

இதயம் ரத்தத்தை இறைக்கும் உறுப்பு மட்டுமே என்ற எண்ணம் 1981இல் மாறியது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடால்ஃபோ டி போல்டும் குழுவினரும் எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் சிறுநீரும் அதில் வெளியேறிய உப்பும் விரைவாகப் பெருகின. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து பி.என்.பி.யைப் பிரித்தெடுத்தனர். அதன் முதன்மை ஊற்று இதயமே என்பது பின்னர் தெளிவானது.

செயல்பாடு

ரத்த அளவு கூடி இதய அறைகளின் சுவர் விரியும்போது இவை சுரக்கின்றன. சிறுநீரக வடிகட்டிகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களை விரிக்கின்றன. வடிகட்டிய உப்பு மீண்டும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. உப்பைத் தேக்கும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் ஆகியவற்றை அடக்குகின்றன.

நீரிழிவில்

இரண்டாம் வகை நீரிழிவோடு அடிக்கடி சேர்ந்து வருவது உடற்பருமன்; அது உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இந்த ஹார்மோன்களின் அளவு குறைவாக இருக்கும். ஆகவே குறைந்த அளவைக் கண்டு இதயம் நலமென்று முடிவு செய்யக் கூடாது. பி.என்.பி. உருவாகும்போது பிரியும் என்டி-புரோபிஎன்பி என்ற துண்டைச் சிறுநீரகமும் வெளியேற்றுவதால், சிறுநீரகம் தளர்ந்தாலும் அதன் அளவு உயரும். எனவே இந்த எண்ணைச் சிறுநீரகநிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் சோதனைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். நீரிழிவாளர்களுக்கு ஆண்டுதோறும் இந்த ஹார்மோன் சோதனை செய்ய 2022இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அறிக்கை பரிந்துரைத்தது. என்டி-புரோபிஎன்பி ஒரு மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமைத் தொட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

புதுச்சேரியில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டளவில் 11.4 விழுக்காடாக இருந்த நீரிழிவு புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. நகரின் கடலோரக் குடியிருப்பான குருசுக்குப்பம் போன்ற பகுதிகளுக்கு இந்த அறிவு நேரடியாகப் பயன்படும். கடலோர உணவில் இடம்பெறும் கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வரம்பை மீறும்போது மிகுந்த உப்பை வெளியேற்றும் சுமை இதய ஹார்மோன்களின் மேலும் சிறுநீரகத்தின் மேலும் விழுகிறது.

சிகிச்சை

ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது அடிப்படை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் இதயம், சிறுநீரகம் இரண்டையும் காக்கின்றன. சிறுநீரகச் சிதைவு தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காத காலத்திலேயே ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சிறுநீர்ச் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.