பத்து வருசக் கெடு

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ரெண்டு தரப்பு வந்து நிக்குது. 'அம்பேத்கர் சாதியைப் பாத்தாரு, வர்க்கத்தைப் பாக்கல' என்பது பழைய தரப்பு. புதுத் தரப்பு நம்ம பையன்களே. 'அவரு கொலம்பியாவுல பொருளாதாரம் படிச்சவரு, சந்தைக்கு ஆதரவானவரு, நாமளும் முதலாளி ஆவோம்' என்கிறார்கள். பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு சார்பில், அரசியல் நிர்ணய சபைக்கென்று 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்கிற சின்ன அறிக்கையை இந்த ரெண்டு தரப்புமே புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த அறிக்கைக்கு முன்னால் பம்பாய் பஞ்சாலைகளைப் பார்த்துவிட வேண்டும். சந்தை வந்தா சாதி கரைஞ்சிடும்னு சொல்றவங்களுக்கு அங்க பதில் கெடக்கு. நெசவுப் பிரிவில் நாடாவுக்குள் புது நூலைக் கோக்க வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். மகர் வாய் வைத்த நாடாவில் சாதி இந்து வாய் வைப்பானா? அதனால் கூலி அதிகமான நெசவுக்குள் நம்ம சனத்துக்கு இடமில்லை, கூலி குறைந்த வேலைகள்தான். லாபக் கணக்கு மட்டுமே பார்ப்பவன் என்று சொல்லப்படும் முதலாளி இந்தத் தடையை ஏற்றுக்கொண்டான். செங்கொடிச் சங்கமும் அங்கே இருந்தது. 1928 பெரும் வேலைநிறுத்த காலத்தில் அம்பேத்கர்தான் இதைக் கேள்வியாக எழுப்பினார். அதே அம்பேத்கர் 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர்களிடம், நமக்கு எதிரிகள் ரெண்டு, ஒன்று பார்ப்பனியம், இன்னொன்று முதலாளித்துவம் என்றார். அந்த வருசம் நவம்பரில் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தமும் நடத்தினார். வர்க்கம் தெரியாத ஆளு செய்யிற வேலையா இது?

இப்போது அறிக்கைக்கு வருவோம். முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும். அடிப்படைத் தொழில்களை அரசோ அரசு அமைக்கும் கழகங்களோ நடத்த வேண்டும். காப்பீடு முழுக்க அரசுக்கு. வயது வந்த ஒவ்வொருவரும் தன் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும். விவசாயமும் அரசுத் தொழில். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு உடைமையாளருக்குக் கடன்பத்திரமாக ஈடு கொடுக்கும். பிறகு அதைப் பண்ணைகளாகப் பிரித்து ஊர்க் குடும்பங்களுக்குக் கூட்டாகப் பயிரிடக் கொடுக்கும். தண்ணி, மாடு, கருவி, எரு, விதை எல்லாம் அரசு பொறுப்பு. சாதி மதம் பார்க்காமல் கொடுக்க வேண்டும். பண்ணையார், குத்தகைதாரர், நிலமில்லாத கூலி என்று எவரும் மிஞ்சக் கூடாது. சட்டம் நடைமுறைக்கு வந்து பத்து வருசத்துக்குள் இது நடந்தாக வேண்டும் என்று கெடுவும் வைத்தார்.

ஆனால் தனியார் முயற்சிக்கான எல்லாக் கதவையும் அவர் சாத்தவில்லை. உற்பத்தி பெருக வேண்டும், அதுக்குத் தனியாருக்கும் வழி இருக்கட்டும், செல்வம் மட்டும் நியாயமாகப் பங்காகட்டும் என்பது அவர் கணக்கு. ரஷ்யா மாதிரி ஒரு கட்சி ஆட்சியும் வேண்டாம், நாடாளுமன்றம் இருக்கட்டும். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் பெரும்பான்மை மாறும்போது மாற்றிவிட முடியாதபடி, பொருளாதார அமைப்பை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏன்? அரசு தலையிடாத இடத்தில் சுதந்திரம் யாருக்கு? வாரத்தை உயர்த்தப் பண்ணையாருக்கு, வேலை நேரத்தைக் கூட்ட முதலாளிக்கு. வேலை போயிடும்னு பயப்படுறவன் தன் உரிமையைத் தானே விட்டுக் கொடுத்துடுவான். சேரியில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இந்தத் திட்டம் சட்டத்தில் ஏறவில்லை. சொத்துரிமை அடிப்படை உரிமையானது. பங்கீடு பற்றிய பேச்சு, நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாத வழிகாட்டு நெறிகளுக்குள் போனது. 1948 நவம்பரில் கே.டி. ஷா 'சோசலிச' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னபோது எதிர்த்தவர் அம்பேத்கரே. சமூகத்தை எப்படி அமைப்பது என்பதை மக்கள் அந்தந்தக் காலத்தில் முடிவு செய்யட்டும் என்றார். ஒரு வருசம் முன்னால் சொன்னதற்கு இது நேர்மாறு. இதை மழுப்ப வேண்டியதில்லை. கூட்டமைப்பின் தலைவராக எழுதியவர் வேறு, காங்கிரஸ் பெரும்பான்மைச் சபையில் வரைவுக் குழுத் தலைவராக நின்றவர் வேறு என்றே நான் புரிந்துகொள்கிறேன். 1976இல் அவசரநிலைக் காலத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். சொல்லு வந்துச்சு, நெலம் வரல.

அவர் திட்டம் ஏறியிருந்தால் கெடு 1960இல் முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் 1961இல் வந்தது 30 தர ஏக்கர் உச்சவரம்புச் சட்டம். 1970இல் அது 15 ஆனது. பினாமிப் பெயரிலும் அறக்கட்டளைப் பெயரிலும் நிலம் ஒளிந்துகொண்டது. நடுவில் 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். நெல் கூலி உயர்வும் சங்கக் கொடியும்தான் அங்கே தகராறு.

காப்பீட்டில் மட்டும் அவர் சொன்னதில் பாதி நடந்தது. 1956இல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. 1969இல் 14 வங்கிகள். இங்கெல்லாம் இடஒதுக்கீட்டில் நம்ம வீட்டுப் பிள்ளைகள் மேசை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 1991க்குப் பிறகு அரசு பங்கை விற்கிறது. விற்றுக் கைமாறிய நிறுவனத்தில் இடஒதுக்கீடு கிடையாது.

அம்பேத்கரின் திட்டத்திலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அரசை அவர் ரொம்ப நம்பினார். நிலத்தைப் பங்கிடும் அந்த அரசு எங்க ஊரில் யார்? கிராம அதிகாரி, வருவாய் ஆய்வாளர், தாசில்தார். அவங்களுக்குச் சாதி இல்லையா? பஞ்சமி நிலமே சாட்சி. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் வந்த உத்தரவு அது. பத்து வருசம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்ம ஆளுங்களுக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். சந்தைக்குக் கட்டிய வேலின்னா அதுதான். அந்த வேலியைத் தாண்டிப் பத்திரம் பதிந்ததும் அரசு அலுவலகம்தான்.

எங்க தாத்தா நிலத்துப் பட்டா நகல் என்னிடம் இருக்கிறது. நிபந்தனை அதில் தெளிவாகவே எழுதியிருக்கு. மனு கொடுத்து ஒன்பது வருசமாச்சு. போன மாசம் போய்ப் பார்த்தேன், அந்த நிலத்தில் யாரோ வைத்த சவுக்கு ரெண்டாள் உயரம் வளர்ந்து நிக்குது.