பேரை மாத்தாத ஜிம் தோர்ப்

காலேஜ் டீம்ல ஆடுற பையன், லீவுல காசு வாங்கிட்டு வேற டீமுக்கு ஆடலாமா? நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் கூடவே கூடாது. காசு வாங்கினால் 'அமெச்சூர்' தகுதி போய்விடும். அதனால் பல மாணவர்கள் பொய்ப் பெயரில் போய் பேஸ்பால் ஆடினார்கள்.

கார்லைல் இந்தியப் பள்ளியில் படித்த பூர்வகுடி இளைஞர் ஜிம் தோர்ப், 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடினார். ஆனா சொந்தப் பெயரிலேயே!

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். 1913 ஜனவரியில் பத்திரிகையில் பழைய கதை வெளிவந்தது. பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள்.

இங்கதான் விஷயமே இருக்கு. ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதும் அதே ஒலிம்பிக்கின் விதி. புகார் கிளம்பியதோ ஆறு மாதம் கழித்து! அவரைத் தண்டிக்கிற விதி ஞாபகம் இருந்தது. காப்பாற்றுகிற விதி மறந்துபோச்சு.

தோர்ப் 1953-ல் இறந்தார். 1982-ல் ஒலிம்பிக் கமிட்டி அவரை 'கூட்டு வெற்றியாளர்' என்று ஏற்றது. 2022-ல்தான் தனி வெற்றியாளர் ஆனார்.

விதியை மதிக்கணும், சரி. ஆனா முழு விதியையும் மதிக்கணும்ல?