உள்வாடகையும் வீடிழத்தலும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவோர் அவ்வீட்டையே இழக்க நேரிடலாம். காசு கொடுத்து வாங்கிய வீட்டைக் கழகம் எங்ஙனம் எடுத்துக்கொள்ளலாம் என்று வினவுவாரும் உளர். விடை காணப் பழைய கடைவீடுகளுள் சற்றே புகுந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சைனாடவுன் பகுதியில், கடைவீட்டின் மாடி முழுவதையும் ஒருவரே வாடகைக்கு எடுப்பதுண்டு. அவரைத் தலைமைக் குடியிருப்பாளர் என்பர். அவர் மாடியைப் பலகைகளால் தடுத்துச் சிற்றறைகளாக்கி, அறைக்கொரு குடும்பமாக வைப்பார். பல அறைகளுக்குச் சன்னலே கிடையாது. நடைவழியில் விரிக்கும் படுக்கைக்கும் வாடகை உண்டு. அடுப்பும் கழிப்பிடமும் எல்லார்க்கும் பொது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1939 ஆகஸ்டு மாத அளவிலேயே நிறுத்தியது. ஏழைகளுக்கு இரங்கி இயற்றிய சட்டந்தான். ஆயினும் நடைமுறையில் ஆதாயம் இடையில் நின்றவருக்கே சென்றது. கட்டடக்காரர் வாங்கியதோ போருக்கு முந்திய வாடகை. பழுதுபார்க்க அவருக்கு மனம் வருமா?

1927இல் தோன்றிய சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தன் காலமெல்லாம் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் பிறந்த கழகமோ முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கு மேல் கட்டியது. வாடகை குறைவு. குறைந்த வாடகை உள்ள இடத்தில் தலைமைக் குடியிருப்பாளர் மீண்டும் முளைப்பார் அன்றோ? தடையின் வேர் இங்கேதான் உள்ளது.

1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தபின்னும் கழகம் விற்றது 99 ஆண்டுக் குத்தகையையே. நிபந்தனையை மீறினால் வீட்டை மீட்டுக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. வாடகை வீட்டில் இருப்போரின் ஒப்பந்தம் முறிக்கப்படும்.

விதி பின்னர்ப் பெரிதும் தளர்ந்தது. இன்று குடியுரிமை பெற்ற உரிமையாளர், பொதுவாக ஐந்தாண்டு குடியிருந்தபின், அனுமதி பெற்று முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். அறையை மட்டும் விடுபவர் தாமும் அங்கேயே வாழ்தல் வேண்டும். இதற்கும் ஒரு தந்திரம் கண்டனர்: ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, மற்றவற்றை வாடகைக்கு விட்டு, வேறிடத்தில் வாழ்வது! பூட்டு ஒருவரைக் குடியிருப்பவராக்கிவிடாது.

வீடு மீட்கப்படும்போது, வாடகையைத் தவறாமல் கட்டியவரும் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியவரே. அவருக்கும் கழகத்துக்கும் ஒப்பந்தம் ஏதுமில்லை. பலகைத் தடுப்பறைக் குடும்பத்துக்கும் கட்டடக்காரரோடு நேர் ஒப்பந்தம் இருந்ததில்லை.