புல்லட்டின் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

புது புல்லட் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர் இன்று முதலில் பார்ப்பது டேங்கின் நிறத்தைத்தான். எஞ்சின், மைலேஜ் பற்றிய விசாரணையெல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் அந்த வண்டியின் வரலாற்றில் பெரும்பகுதிக்கு, வாங்குகிறவரின் விருப்பத்தை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை.

1950களில் இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகள் 800 வேண்டுமென்று இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டிடம் கேட்டது. அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ராணுவமும் காவல்துறையும் மொத்தமாக வாங்கிய வண்டி இது. தனி ஆளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கறுப்புதான். அதில் நட்டம் ஒன்றுமில்லை. டேங்கில் கீறல் விழுந்தால் எந்த ஊர் பெயின்டரும் அதே கறுப்பைப் பூசிக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கறுப்புக்கு அழகு சேர்த்தது பொன்னிறக் கோடு. குதிரை வண்டிகளின் பக்கப் பலகைகளில் கோடு இழுத்த கலை ஐரோப்பாவில் சைக்கிளுக்கு வந்து, அங்கிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தாவியது. ராயல் என்ஃபீல்டே சைக்கிள் செய்து வளர்ந்த நிறுவனம். அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. கோடு மட்டும் சென்னையில் நிலைத்தது. அளவுகோலோ அச்சோ இல்லாமல், டேங்கின் வளைவோடு தூரிகையை ஒரே மூச்சில் இழுப்பார்கள். இந்த வேலை ஒரே குடும்பத்தில் தலைமுறை தாண்டியும் வந்திருக்கிறது. கை நடுங்கினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். சென்னைக்காரர்களே இதை அதிகம் பேசாதது வியப்பு.

நிறங்கள் பெருகியது 2009இல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் மாடல் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு. பாலைவன மணல் நிறம் வந்தது. 2017இல் ரெட்டிச் பெயரிலேயே சிவப்பு, பச்சை, நீலம் வந்தன. பழைய போர்க்கால வண்டிகளை நினைவூட்டும் நிறங்களுக்கே மவுசு அதிகம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் போர்க்கால நிறங்களில் முதன்மையானதை இங்கே வாங்க முடியாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது.

2018இல் வந்த கிளாசிக் 500 பெகாசஸ் இதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினருக்காக விமானத்திலிருந்து இறக்கப்பட்ட, ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று செல்லப்பெயர் பெற்ற 125 சிசி வண்டியின் நினைவாக 1,000 வண்டிகள் செய்தார்கள். வெளிநாட்டாருக்குப் பச்சையும் கிடைத்தது, பழுப்பும் கிடைத்தது. இந்தியாவுக்கு ஒதுக்கிய 250க்கும் பழுப்பு ஒன்றே. அவை இணையத்தில் மூன்று நிமிடத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

வாங்கிய பிறகு மனம் மாறினாலும் பெயின்டரிடம் மட்டும் போனால் போதாது. ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அதை மாற்றியாக வேண்டும்.