கயிறு பிடிக்கும் மச்சான்: டைவ் கம்ப்யூட்டரின் கதை

புனேக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடி போகும்போது பார்ப்பதோடு சரி. அப்படிப்பட்ட வீட்டில் மூணு மாசம் முன்னாடி ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, டைவ் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். கையில கட்டுறதா, கன்சோலா? நீங்கதான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளாச்சே, சொல்லுங்க."

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்கு (2018 வரை ஹேவ்லாக்) போயிருந்தபோது காலையில் ஒரு டைவ், மத்தியானம் ஒரு டைவ். எல்லாம் வாடகை சாமான். காலையில் தந்த செட்டில் ஏதோ கசிவு என்று மத்தியானம் வேறு செட் மாட்டிவிட்டார்கள். குழாய் முனையில் இருந்த கன்சோல் கம்ப்யூட்டரும் கூடவே மாறிவிட்டது. அன்று ராத்திரி இவளுக்கு முழங்கையில் வலி. டாக்டர் பார்த்துவிட்டு வெறும் தசைப்பிடிப்புதான் என்றார். ஆனாலும் அந்த ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. "ஏங்க, அந்த மெஷினை நம்பி பிள்ளைய தண்ணிக்குள்ள விடலாமா?" என்பது தங்கமணியின் கேள்வி.

பதில் தேடப் போய் நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கதைக்குள் விழுந்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 3 மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். சட்டென்று வந்தால் கோலி சோடாவைத் தட்டித் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டு வலி, பக்கவாதம், சில நேரம் மரணம். 'பெண்ட்ஸ்' என்பது இதுதான்.

நம் ஊர் முத்துக்குளி, சங்குகுளி ஆட்கள் மூச்சடக்கி இறங்கியவர்கள். ஒரு நெஞ்சு நிறையக் காற்று, ஒரு நிமிஷத்து வேலை. கரைவதற்கு நைட்ரஜன் அதிகம் கிடையாது. அழுத்தம் ஏற்றிய காற்றைச் சுவாசிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த வம்பு பெரிதானது. சின்ன வயசில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மாமா, கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கெடுக்கப் போனவர், ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். வாதம் என்று சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

இதே நோயை உலகம் பரவலாகக் கவனித்தது பாலம் கட்டும் இடங்களில். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அஸ்திவாரம் போட, தண்ணீர் உள்ளே வராதபடி காற்றழுத்தம் ஏற்றிய பெரிய பெட்டிகளுக்குள் ஆட்கள் வேலை செய்தார்கள். வெளியே வந்ததும் பலர் வலியில் சுருண்டார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ல் படுத்துவிட்டார். மீதி வேலையை மனைவி எமிலி மூலமாகத்தான் நடத்தினார். 1883-ல் பாலம் திறந்தது. நடுவில் 1878-ல் பிரான்சின் பால் பெர், காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று காட்டிவிட்டார்.

கணக்கு போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, 1908-ல் முடிவுகளை வெளியிட்டார். உடம்பை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்துக்கொண்டார். சில பஞ்சு மாதிரி சீக்கிரம் உறிஞ்சும், சில கட்டை மாதிரி மெதுவாக. பாதி நிரம்ப ஆகும் நேரம் 5 நிமிஷத்திலிருந்து 75 நிமிஷம் வரை. இதை வைத்து, இவ்வளவு ஆழத்தில் இவ்வளவு நேரம் இருந்தால் ஏறும்போது எங்கெங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டார்.

அட்டவணை நல்ல விஷயம்தான். ஆனால் 30 மீட்டரை இரண்டு நிமிஷம் தொட்டுவிட்டு மீதி நேரம் 12 மீட்டரில் மீன் பார்த்தாலும், மொத்த நேரமும் 30-ல் இருந்ததாகவே அது கணக்கெடுக்கும். போன இடத்தைப் போனபடி கணக்கு வைக்க ஒரு கருவி வேண்டியிருந்தது.

1953-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் குரோவ்ஸ், மங்க் என்ற இருவர் அப்படி ஒரு கருவிக்கு யோசனை எழுதினார்கள். 1955-ல் ஃபாக்ஸ்போரோ கம்பெனி ஒன்றைச் செய்து தந்தது. அமெரிக்கக் கடற்படை சோதித்துவிட்டு வேண்டாம் என்றது. 1959-ல் இத்தாலியின் எஸ்.ஓ.எஸ். கம்பெனி மீட்டர் வந்தது. மின்சாரமே இல்லை. ஒரு பையில் இருக்கும் வாயு, கடல் அழுத்தத்தால் நுண்துளைப் பீங்கான் வழியாக உள்ளறைக்குக் கசியும், மேலே வந்தால் திரும்பும். உடம்பில் நைட்ரஜன் ஏறி இறங்குவதற்கு ஒரு பொம்மை மாதிரி. ஆனால் பீங்கான் ஒன்றுதான், அதாவது திசுவும் ஒன்றுதான். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கினால் கணக்கு ஆபத்தான பக்கம் சாய்ந்தது. அதற்கு 'பெண்டோமேட்டிக்', பெண்ட்ஸ் தரும் மெஷின் என்று பட்டப்பெயரே வைத்தார்கள்.

சிப் மலிவான பிறகுதான் விடிந்தது. 1983-ல் அமெரிக்காவில் ஓர்க்கா கம்பெனியின் 'எட்ஜ்' வந்தது. 12 திசுக்களை நொடிக்கு நொடி கணக்கிட்டுத் திரையில் பட்டையாகக் காட்டும். ஆள் செங்கல் மாதிரி, 9 வோல்ட் பேட்டரி. அதே 1983-ல் ஜூரிக்கின் டாக்டர் ஆல்பர்ட் பூல்மன் தன் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய 16 திசுக் கணக்கு இன்றைக்கும் பல கம்ப்யூட்டர்களுக்கு அடிப்படை. 1987-ல் ஃபின்லாந்தின் சூன்டோவும் சுவிட்சர்லாந்தின் யுவாடெக்கும் கையில் கட்டும் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஏன் கன்சோல்? சிலிண்டரில் மீதிக் காற்று எவ்வளவு என்று காட்டும் மீட்டர் ஏற்கனவே உயர் அழுத்தக் குழாயின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆழமானி, திசைகாட்டி எல்லாம் அதே ரப்பர் உறைக்குள் இருந்ததால் கம்ப்யூட்டரும் அங்கேயே குடியேறியது. எல்லாம் ஒரே இடம், பெரிய எழுத்து, காற்றுக்கணக்கும் நேராக வரும். 1990களின் தொடக்கத்தில் கம்பியில்லாமல் காற்றளவை மணிக்கட்டுக்கு அனுப்பும் வசதி வந்ததும் கன்சோலின் பெரிய சௌகரியம் ஒன்று போய்விட்டது.

நம்பகம் என்பது பட்டையிலா குழாயிலா? 2003-ல் நடந்ததைக் கேளுங்கள். 1990களின் நடுவில் தயாரான அலாதீன் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற கம்ப்யூட்டர்களை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த கலவை. இரண்டு டைவுக்கு நடுவே படகில் உட்கார்ந்து சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் ஆளை, இன்னும் நைட்ராக்ஸையே சுவாசிக்கிறார் என்று அந்த மென்பொருள் நினைத்துக்கொண்டது. அதனால் நைட்ரஜன் சீக்கிரம் போய்விட்டதாகக் காட்டியது. பேட்டரி சரி, சென்சார் சரி, கணக்குதான் தப்பு.

இங்கேதான் எனக்குப் புரிந்தது. எந்த டைவ் கம்ப்யூட்டரும் நம் உடம்பை அளப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, ஒரு கற்பனை உடம்புக்குக் கணக்கு போடுகிறது. அந்தக் கற்பனை உடம்பு நம்மோடு எல்லா டைவும் வந்திருந்தால்தான் கணக்குக்கு அர்த்தம். மகளுக்கு மத்தியானம் மாட்டிய கன்சோலுக்கு அவள் காலையில் இறங்கியதே தெரியாது.

முத்துக்குளிக்கிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மச்சானாக இருப்பான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில், விடமாட்டான். கம்ப்யூட்டரும் அப்படித்தான். காலையில் ஒரு மச்சான், மத்தியானம் ஒரு மச்சான் என்று மாற்றக்கூடாது :-)

மகளுக்கு நான் எழுதியது இதுதான்:

- வாடகை செட்டில் இறங்குகிறவர்களுக்கு மணிக்கட்டுதான் சரி. செட் மாறினாலும் கணக்கு உன் கையிலேயே இருக்கும். ஏறும்போது வேகத்தைப் பார்க்கவும் சுலபம்.
- காற்றுக்குச் சாதாரண மீட்டர் குழாயிலேயே இருக்கட்டும். ஒன்று போனால் இன்னொன்று.
- சொந்தமாக முழு செட் இருப்பவர்களுக்கும், சின்ன எழுத்து தெரியாத என் மாதிரி ஆட்களுக்கும் கன்சோல் மோசமில்லை. வாடகைக் கன்சோல் என்றால் நம்பரைக் குறித்துவைத்து, கடைசி நாள் வரை அதையே கேட்டு வாங்கு.
- ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பங்கு போடாதே. நடுவில் அது செத்துப்போனால் மெதுவாக மேலே வா, 24 மணி நேரம் இறங்காதே.
- பல டைவ் அடித்தால் விமானம் ஏறும் முன் 18 மணி நேரமாவது இடைவெளி விடு.
- காய்ச்சல், தூக்கமின்மை, தண்ணீர் குடிக்காதது எதுவும் அதற்குத் தெரியாது. அது சரி என்றாலும் உடம்பு வேண்டாம் என்றால் இறங்காதே.

மணிக்கட்டில் கட்டுவதையே வாங்கிவிட்டாள். போன வாரம் போட்டோ அனுப்பினாள். தங்கமணி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாருக்கும் இரவல் குடுக்காதேன்னு சொல்லுங்க" என்றாள். இத்தனை வரலாறும் படித்து நான் கண்டுபிடித்ததை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

தெருக்கோடி மாமாவுக்கு ஒரு கணக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஹால்டேனின் அட்டவணை வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெரு வரைக்கும் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.